பாஸில் துணைக்கு ஒருவர்

திண்டுக்கல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். கையில் ஒரு பிளாஸ்க். உள்ளே சுக்குத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர். அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை. ஓட ஓட விரலில் சொட்டுகிறது, சுடுகிறது.

சென்னைக்குப் போகும் பகல் வண்டி முன்னமே வந்து நிற்கிறது. ஏ.சி. பெட்டியின் வாசலில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறார். உள்ளே போகாமல் நடைபாலத்துப் படியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் தேடியது என்னை இல்லை. என் அக்கா பாண்டியம்மாளை. அவள் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் பழக்கம் விடவில்லை. அவள் ஏறிய பிறகுதான் அவர் உள்ளே போவது வழக்கம்.

போர்வெல் வண்டியில் வேலை செய்தபோது இரும்பு பைப் விழுந்து என் பாதம் நசுங்கியதையும், பல வருஷத்துக்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். நாகல் நகரில் அக்காவின் ஒற்றை அறை வீட்டில் கட்டுப் போட்ட காலோடு கிடந்த நாட்களில்தான் இந்தப் பெரியவரைத் தெரியவந்தது.

பின்தெரு எம்.பி.

அவர் எங்கள் பின்தெருவில் மகன் வீட்டில் இருந்தார். மகனுக்கு சிமெண்ட் கடை. பெரியவர் ஒரு காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். எங்கள் தொகுதிக்காரர் இல்லை. வேறெங்கோ நின்று, ஒரே ஒரு தடவை ஜெயித்து டெல்லிக்குப் போனவர். அடுத்த தடவை கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. அத்தோடு சரி. பெயரையும் கட்சியையும் எழுத வேண்டாம் என்று அவர் மகன் கேட்டுக்கொண்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் எம்.பி. அய்யா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பதவி போன பிறகும் அவரிடம் ஒன்று மிஞ்சியிருந்தது. ரயில் பாஸ். முன்னாள் எம்.பி.க்கு அது ஆயுள் முழுக்க உண்டு. தனியாகப் போனால் முதல் வகுப்பு ஏ.சி. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டால் ஒரு படி இறங்கி இரண்டாம் வகுப்பு ஏ.சி., ஆனால் இரண்டு பேருக்கும் இலவசம். வயதான மனிதர் தனியாகப் போகக் கூடாது, பையைத் தூக்க, மாத்திரை எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தச் சலுகையைச் செய்திருப்பார்கள்.

எம்.பி. அய்யா அதைத் தலைகீழாக்கிவிட்டார். தெருவில் யாராவது சென்னைக்கோ வேலூருக்கோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? அவர்தான் அவர்களுக்குத் துணை. பாஸ் அவர் பேரில் இருப்பதால் அவர் ஏறினால்தான் அது செல்லும். நோயாளியைத் துணை என்று எழுதிக் கொடுத்து, கீழ் பெர்த்தில் படுக்கவைத்து, அவர் எதிரே உட்கார்ந்து போவார். இறங்கியதும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கூட நிற்பார். வெள்ளைச் சட்டைக்கு அங்கே கொஞ்சம் மரியாதை உண்டு.

நான் பாதி தேசத்தை டிக்கெட் இல்லாமல் பார்த்தவன். சீட்டுக்கு அடியில், கழிவறை ஓரத்தில், சரக்கு வேகனில் எல்லாம் போயிருக்கிறேன். அதை ஒரு நாள் அவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏலே செல்வம், நீயும் ஓசி, நானும் ஓசி. எனக்கு சர்க்காரு அட்ட போட்டுக் குடுத்துருச்சு. ஒனக்குக் குடுக்கல. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

டீக்கடையில் நடந்த விவாதம்

எம்.பி.க்களுக்குச் சம்பளமும் படியும் உயர்ந்தது என்று பேப்பரில் வந்தால் எங்கள் டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது. ஆட்டோ ஓட்டும் சகாயம் சத்தமாக வாசிப்பான். விமானத்தில் போக இத்தனை தடவை, காரில் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, சபை நடக்கும் நாளில் தினப்படி, தொகுதிப் படி, ஆபீஸ் படி, டெல்லியில் வீடு, கரண்ட், தண்ணீர், போன்.

"மூச்சு விடுறதுக்குப் படி போட்டுருக்கானா பாருடா" என்பார் டீ மாஸ்டர் கருப்பையா.

அய்யா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கோபப்பட மாட்டார்.

"ஏய்யா, டெல்லியில டீயும் ஓசிதானா?" என்று சகாயம் சீண்டுவான்.

"ஓசி இல்லப்பு. ரொம்ப மலிவு. ஆனா பக்கத்துல ஒக்காந்து பேச ஒரு பய இருக்க மாட்டான். இந்த கருப்பையா போடுற கழனித் தண்ணிக்கு அது எவ்வளவோ மேலு, இருந்தாலும் எறங்காது."

"என் டீய வம்புக்கு இழுக்காட்டி இவருக்குப் பொழுது போகாது" என்பார் கருப்பையா. கிளாஸ் மட்டும் முதலில் அவருக்குத்தான் வரும்.

இதே சகாயத்தின் அம்மாவை வேலூருக்குக் கூட்டிப்போனவரும் அய்யாதான். அந்த அம்மா பிழைக்கவில்லை. அதன் பிறகு சகாயம் சீண்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அய்யா ஸ்டேஷனுக்குப் போகும் நாளில் அவன் வண்டி வேறு சவாரி எடுக்காது.

கையெழுத்துப் போட்டால் போதும்

ஒரு சாயங்காலம் என் கால்கட்டைப் பார்க்க வந்தவர், தன் முதல் நாள் கதையைச் சொன்னார்.

சபைக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் அன்றைய தினப்படி உண்டு. இவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தட்டுத்தடுமாறித்தான். முதல் நாள் முழுக்கக் காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதும் ஆபீசில் போய்க் கேட்டாராம்: "நான் இன்னிக்கு ஒண்ணுமே பேசலையே, எனக்குப் படி வேணாம்ல?"

அங்கே இருந்த தமிழ் தெரிந்த அலுவலர் சிரித்துவிட்டாராம். "ஐயா, பேசறதுக்கு இல்ல. வந்ததுக்கு."

"அஞ்சு வருசமும் வந்தேன்ப்பு" என்றார் அய்யா. "லீவே போடல. மத்தவய்ங்க கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருவாய்ங்க. நான் வெளக்கு அணைக்கிற வரைக்கும் ஒக்காந்திருப்பேன். ரெண்டு தடவ கேள்வி எழுதிக் குடுத்தேன், மொற வரல. தம்பிடி ஏமாத்தல. ஆனா என்ன செஞ்சேன்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியல."

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்தவள். "எங்களுக்கும் வந்ததுக்குத்தான்யா கூலி. மில்லு பஸ்ஸு லேட்டா வந்தாக்கூட எங்களுக்குத்தான் அரைநாள் போகும்" என்றாள்.

"அப்ப ஒன்னயும் டெல்லிக்கு அனுப்பிருக்கணும் ஆத்தா. நீயாச்சும் சண்ட போட்டுருப்ப."

அக்கா சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்தது குறைவு என்பதால் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

அக்காவின் கால்கள்

அத்தான் செத்த பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தாள். மில்லில் நின்றே வேலை. முதலில் பாதம் மரத்தது. பிறகு செருப்பு கழன்றுபோனாலும் தெரியவில்லை. ஒரு நாள் மில் பஸ் படியில் ஏறும்போது கால் மடங்கி ரோட்டில் விழுந்தாள். மதுரையில் பார்த்துவிட்டு, இது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய் என்றார்கள். சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினால் நோய் நின்ற இடத்தில் நிற்கும். தவணை தப்பினால் போன காலை மீட்பது கஷ்டம்.

மருந்து அங்கே இலவசம். போய்ச் சேருவதுதான் பாடு. பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு அவ்வளவு நேரம் உட்கார அவளால் முடியாது. சில நோய்க்காரர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. அவள் நோய் அந்தப் பட்டியலில் இல்லை. அவசரத்துக்குப் படுக்கை சீட்டும் கிடைக்காது. கூடப் போக ஆளும் இல்லை. தம்பி என்று ஒருவன் இருந்தான். அவன் அப்போது எந்த மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான் என்று அவளுக்கே தெரியாது.

எம்.பி. அய்யா வாசலில் வந்து நின்று கேட்டாராம்: "ஏத்தா, சென்னைக்குப் போறியாமே? எனக்குத் துணைக்கு வாரியா?"

அப்படித்தான் தொடங்கியது. நான் ஊருக்கு வருவதற்குள் பல தவணை முடிந்திருந்தது. அக்கா ஊன்றுகோலை விட்டிருந்தாள். சுவரைப் பிடிக்காமல் தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாள். இன்னும் சில தவணைகள் விடாமல் போனால் மாத்திரைக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி மில்லுக்குப் போவேன் என்று தூக்கத்தில்கூடப் பேசினாள்.

வண்டியில் என்ன நடக்கும் என்பதை அவள் சொல்லித்தான் அறிவேன். அய்யாவுக்கு மூச்சிரைப்பு இருந்தது. ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளாது. அக்கா வீட்டிலிருந்தே பிளாஸ்கில் சுக்குவெந்நீர் கொண்டுபோவாள். திருச்சி தாண்டியதும் மூடியில் ஊற்றி, ஊதி ஆற்றி, மாத்திரையோடு நீட்டுவாள். வண்டி ஏறியதும் அவர் போனை அணைத்து வைத்துவிடுவார். அவள்தான் போட்டு மகனிடம் பேசவைப்பாள். தூங்கினால் தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்கு வைப்பாள். வடை விற்பவன் வந்தால் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். உப்பும் எண்ணெயும் அவருக்கு ஆகாது.

"இவ எனக்குத் துணையா, போலீசா?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் கேட்பாராம்.

மகன் வந்த நாள்

ஒரு நாள் மதியம் அவருடைய மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நிலைப்படியில் கை வைத்து நின்றார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. அப்பாவுக்கு நெஞ்சுல நீர் சேந்துருக்குன்னு சொல்றாங்க. பெட்லயே இருக்கணுமாம். நாளக் கழிச்சு ஒங்களோட சென்னை போவேங்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. ஒரு தடவ மட்டும் நீங்க வேணாம்னு சொல்லிருங்க. நான் சொன்னேன்னு தெரிய வேணாம்."

"ஐயோ, இத நீங்க வந்து கேக்கணுமா தம்பி? நான் பாத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு தன் இரண்டு பாதங்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "வேற எப்பிடியாச்சும் போலாம்க்கா" என்றேன். "ஒன் காலு இருக்குற லட்சணத்துக்கு நீ என்னயத் தூக்கிட்டுப் போவியாக்கும்" என்றாள்.

பிறகு என் போனை வாங்கி அய்யாவுக்குப் பேசினாள். "அய்யா, டாக்டரு இந்தத் தடவ வேணாம்னுட்டாரு. அடுத்த மாசம் வந்தாப் போதுமாம். டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

அடுத்த மாசமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு "சரித்தா" என்றார்.

முடிந்தது என்று நினைத்தோம். பயண நாள் காலையில் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சகாயத்திடமிருந்து போன் வந்தது. "யக்கா, நீங்க வரலையா? அய்யாவ ஸ்டேஷன்ல எறக்கிவிட்டுட்டு நிக்கிறேன். மகன் கடைக்குப் போனதும் தனியாக் கெளம்பி வந்துருக்காரு. மூச்சு வேற வாங்குது."

அக்காவின் முகம் மாறிவிட்டது. தான் நேரே போனால் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தாள். அடுப்பில் கொதித்த தண்ணீரில் சுக்கைத் தட்டிப்போட்டு, பிளாஸ்கில் ஊற்றி என் கையில் திணித்தாள்.

"ஓடு. எப்பிடியாச்சும் திருப்பிக் கூட்டியா. கேக்கலேன்னா இதயாச்சும் குடு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அப்படித்தான் நான் அந்தப் பிளாட்பாரத்தில் ஓடினேன்.

"அய்யா, எறங்குங்க. அக்காதான் வரலையே, நீங்க எங்க போறீங்க?"

"அவளுக்காகத்தான்ப்பு போறேன்." அவருக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "ஒரு தவண தப்புனாக் காலு போயிரும்னு எங்கிட்டச் சொன்னதே அந்த டாக்டருதான். இப்ப ஒரு மாசம் தள்ளிப்போடுன்னா என்ன அர்த்தம்? கேக்க ஆளில்லன்னு நெனச்சுத் தள்ளியிருப்பாய்ங்க. போன்ல கேட்டா பதில் வராது. நேர்ல போயி ஒக்காந்தா வரும். நாளைக்கே தேதி வாங்கிட்டு வாரேன்."

 அவரை வீட்டில் படுக்கவைக்க அக்கா சொன்ன பொய்தான் அவரைக் கிளப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

நான் அதைச் சொல்வதற்குள் வண்டி ஊதியது. பிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "சூடா இருக்கே. அவளே போட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நான் ஜன்னலோரமாக நொண்டிக்கொண்டே போனேன். அவர் சீட்டில் உட்கார்வது மங்கலாகத் தெரிந்தது. எதிர் சீட்டு காலி. கண்ணாடியைத் தட்டினேன். "டாக்டரு தள்ளலய்யா! அக்காதான் பொய் சொன்னா! ஒங்களுக்காகத்தான்! எறங்குங்க!" என்று கத்தினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஏ.சி. பெட்டியின் கண்ணாடி திறக்காது, சத்தமும் போகாது. அவர் காதில் கை வைத்து என்ன என்று கேட்டார். பிறகு, வழியனுப்புகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், பிளாஸ்கை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

எத்தனையோ ஓடும் வண்டிகளில் தொற்றி ஏறியவன் நான். அன்று கால் ஊன்றவில்லை. வண்டி நகர்ந்தது. போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். போட்டுவிட அக்கா பக்கத்தில் இல்லை.

வாங்கிவந்த தேதி

இரண்டு நாள் கழித்து சகாயத்தின் ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. அய்யா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. நாலு அடி நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவணை தப்பிய அந்த நாட்களுக்குள்ளேயே அவள் கை சுவரைத் தேட ஆரம்பித்திருந்தது.

"யாரும் தள்ளிப்போடலையாமே ஆத்தா. டாக்டரு என்னயத் திருப்பிக் கேக்குறாரு, ஏன் கூட்டிட்டு வரலன்னு."

அக்கா சுவரை விட்டு வந்து, தலையணையை மடித்து அவர் முதுகுக்கு வைத்தாள்.

"எம் பய வந்தானா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

 அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.

"அவனச் சொல்லிக் குத்தமில்ல. அவனுக்கு நான் அப்பன். ஆனா நீ யோசிச்சிருக்கணும். அந்த டிக்கெட்டுல ஒன்ன என்னன்னு எழுதியிருக்கு? எனக்குத் துணைன்னு எழுதியிருக்கு. ஊருக்கெல்லாம் நான்தான் ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்னு நெனப்பு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இந்தத் தடவ தனியாப் போனப்பத்தான் தெரிஞ்சுச்சு. பிளாஸ்க் தண்ணி முடிஞ்சதும் ஊத்திக்கிட்டு வர ஆளில்ல. மாத்திர போட மறந்துட்டேன். வட வேற தின்னேன்."

கடைசி வார்த்தையில் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

"தின்னீங்களா?" என்று கேட்டாள் அக்கா. அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"வர்ற வியாழக்கெழமைக்குத் தேதி வாங்கியிருக்கேன். ரெடியா இரு. இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாத. அதுக்கெல்லாம் டெல்லியில ஆள் இருக்காய்ங்க."

பிளாஸ்கைக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்தார். சகாயம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

அந்த வியாழக்கிழமை வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். திண்டுக்கல்லிலேயே ஆஸ்பத்திரியில். மகன் பக்கத்தில் இருந்தார். மாலையோடு கட்சிக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். மற்றபடி வந்தவர்களெல்லாம் அந்தப் பாஸில் துணையாகப் போய்வந்தவர்கள். சிலர் துணையாகப் போய் உயிரோடு திரும்பாதவர்களின் வீட்டுக்காரர்கள். கருப்பையா கடையைச் சாத்தியிருந்தார்.

ரயில் பாஸை டெல்லிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மகன் சொன்னார். அனுப்பும் முன்பு அக்காவிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் இருந்த போட்டோவில் அய்யா வயது குறைந்து, மீசை கறுத்து இருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. "வியாழக்கெழமைக்கு கார் ஏற்பாடு பண்றேன்க்கா" என்றார் மகன். அவர் கண் அவளைப் பார்க்க முடியாமல் தரையில் இருந்தது.

"வேணாம் தம்பி. கார்ல காலத் தொங்கப் போட முடியாது. ரயில்லயே போயிக்கிறோம்."

அவளுக்கு அய்யாவின் மகன் மேல் வருத்தமில்லை. அவர் கேட்டது நியாயம். அவள் செய்ததும் நியாயம்தான். அய்யா கிளம்பியதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொதுப் பெட்டி

நாள் நெருக்கத்தில் படுக்கை சீட்டு கிடைக்கவில்லை. அதே பகல் வண்டி, முன்பதிவில்லாத பெட்டி. சகாயம் முதலில் ஏறி, சண்டை போட்டு, கதவோரம் தரையில் ஒரு சாக்கை விரித்து இடம் பிடித்தான். அக்காவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. காலை நீட்டி உட்காரவைத்தோம். நடப்பவர்கள் அவள் பாதத்தை மிதிக்காமல் இருக்க நான் குறுக்கே உட்கார்ந்தேன்.

நான் அன்று டிக்கெட் வாங்கியிருந்தேன். சட்டைப் பையில் அதை இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தத் தவணையும் அதற்கு அடுத்தவையும் முடிந்தன. அக்கா இன்று மாத்திரையில் இருக்கிறாள். ஊன்றுகோல் திரும்பி வந்துவிட்டது. இனி போகாது என்கிறார்கள். மில்லுக்குப் போவதைப் பற்றி அவள் பேசுவதில்லை. போன மாதம்கூட டீக்கடையில் படி உயர்வுச் செய்தி வந்தது. சகாயம் சத்தமாகத்தான் வாசித்தான். யாரோ புதுப் பையன், "எல்லாம் திருட்டுப் பயலுக" என்றான். சகாயம் மேலே வாசித்துக்கொண்டே போனான். ரயில் பாஸ் என்ற வரி வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டான்.

ஆனால் எனக்கு எப்போதும் முதலில் ஞாபகம் வருவது அந்தப் பொதுப் பெட்டிதான்.

திருச்சி தாண்டியது. அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூடியில் சுக்குவெந்நீரை ஊற்றினாள். ஊதி ஆற்றினாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே, எதிர்ப்பக்கம் நீட்டினாள்.

எதிரே ஒரு கிழவர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர்க்காரரோ, எங்களுக்குத் தெரியாது. தனக்குத்தான் தருகிறாள் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

"நல்லாருக்கு தாயி" என்று மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை வாங்கினாள்.  மறுபடியும் நிரப்பி, ஊதி, அவரிடமே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் குடிங்கய்யா" என்றாள். "குளுரும்."